பள்ளத்தில் வைத்த தோட்டம்

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், இன்னும் மாநில அந்தஸ்துப் பெறாத வெறும் பிரதேசமாக இருந்த அரிஸோனாவின் சட்டசபை, 1885-ஆம் ஆண்டு கூடி, அரசாங்க ஸ்தாபனங்களை ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுத்தபோது, டூஸான் நகரத்து மக்கள் தலைநகரமே தங்களுக்கு வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். அது இல்லாவிட்டாலும், ஒரு லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டிருந்த மனநோய் வைத்தியசாலையாவது வந்து சேரும் என்று நம்பியிருந்தார்கள். வைத்தியசாலை பீனிக்ஸ் நகருக்குப் போயிற்று. டூஸானுக்குக் கிடைத்தவை 25,000 டாலரும் ஒரு சர்வகலாசாலையுமே. இந்தச் செய்தியோடு ஊர் திரும்பிய பிரதிநிதியை ஜனங்கள் அழுகிய முட்டைகளை வீசி வரவேற்றார்கள் என்று சொல்லுவார்கள். கட்டடம் எழுப்ப நிலம் கொடுக்கவும் கௌரவமான மனிதர் யாரும் முன்வரவில்லை. கடைசியில் இரண்டு சூதாட்டக்காரர்களும் ஒரு சாராயக் கடைக்காரருமாகச் சேர்ந்து, ஊருக்கு வெளியே 40 ஏக்கர் கட்டாந்தரையைத் தானமாகக் கொடுத்தார்கள். வித்தியாதானத்தின் புண்ணியம் யாருக்கு வாய்க்கும் என்பதை முன்கூட்டியே நிச்சயிக்க முடியாது போலும்.

அந்தக் கட்டாந்தரை ஸொனோரா பாலைவனத்தின் ஒரு துண்டு. சென்னையில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறதென்றால், டூஸானில் பெய்வது சுமார் 300 மில்லிமீட்டர்தான். அந்தக் கொஞ்சத்திலும் ஏறக்குறையப் பாதி, ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடியும் மின்னலுமாகத் திரண்டு வந்து, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடும். அதை அவ்வூரார் நம்மைப்போலவே 'மான்சூன்' என்றுதான் அழைக்கிறார்கள். மீதி, குளிர்காலத்தில் மெல்லிய தூறலாக வரும். இடைப்பட்ட மாதங்களில், முக்கியமாக ஜூன் மாதத்தில், வெயில் அடிக்கடி 40 டிகிரியைத் தாண்டும். வானத்தில் ஒரு மேகத் துணுக்கும் இராது.

ஆரம்பத்தில் அங்கே வந்தவர்கள் இந்தச் சீதோஷ்ணத்தைப் புரிந்துகொண்டே வேலையைத் தொடங்கினார்கள் என்று தோன்றுகிறது. 1891-ல் முப்பத்திரண்டு மாணவர்களோடு திறக்கப்பட்ட முதற் கட்டடத்தின் கீழ்த்தளம், மண்ணின் குளிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்பொருட்டு, ஓரளவு நிலத்துக்குள் இறங்கியிருக்கும்படியாக அமைக்கப்பட்டது. நாற்புறமும் அகன்ற தாழ்வாரங்கள் ஓடின. தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் டூமி என்பவர், சுற்று வட்டாரத்துக் கள்ளிவகைகளைத் தேடிக் கொணர்ந்து அக்கட்டடத்தின் முன்னே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். ஆனால் இந்த விவேகம் நெடுநாள் நீடிக்கவில்லை. கிழக்கு மாநிலங்களின் பசும்புல் வெளிகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, சர்வகலாசாலை என்றால் செங்கற் கட்டடங்களும் அவற்றினிடையே விரித்த பச்சைக் கம்பளமும்தான் மனக்கண்ணில் எழும். அது இல்லாத இடம் கல்விக்கு உரிய இடமாகவே அவர்களுக்குப் படவில்லை. ஆகவே வளாகத்தின் நட்ட நடுவே நீண்ட புல்வெளி விரிந்தது. பேராசிரியர் ராபர்ட் போர்ப்ஸ், எந்த வெளிநாட்டு மரம் இந்த மண்ணில் பிழைக்கும் என்று சோதித்துப் பார்ப்பதற்காக ஆலிவ் மரங்களை வரிசையாக நட்டார். அந்த ஆலிவ் மரங்கள் இன்னும் இருக்கின்றன. குறைந்த நீரில் வாழும் மரங்களாதலால் அவர் பரீட்சை பழுதில்லை என்றே சொல்ல வேண்டும். அவற்றின் மகரந்தம் ஊராரைத் தும்மவைத்து, 1980-களில் காய்க்கும் ஆலிவ் கன்றுகளை விற்பதையே அந்த ஜில்லா தடை செய்யும்படியாயிற்று என்பது பின்னால் வந்த கதை.

புல்லின் கணக்கோ வேறு. டூஸானில் ஒரு சதுர மீட்டர் புல்வெளி ஓராண்டில் குடித்து ஆவியாக விடும் நீர், அதே இடத்தில் மழையாக விழும் நீரைப்போலப் பல மடங்கு. கோடையில் வளரும் அறுகம்புல் வகை குளிர்காலத்தில் பழுத்துக் காய்ந்துபோகுமாகையால், அப்போதும் பச்சை மாறாதிருக்க வேண்டும் என்று இலையுதிர் காலத்தில் அதன்மீது வேறொரு புல்லின் விதையைத் தூவி, முளைக்கும்வரை நாளுக்குப் பலமுறை தண்ணீர் தெளிப்பது அந்தப் பிரதேசத்து வழக்கம். பாலைவனத்தில் வருஷம் முழுவதும் வசந்தகாலத்தை நடிக்கவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நீர் எங்கிருந்து வந்தது?

முதலில் பூமிக்கடியிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் நகரின் ஓரமாக ஓடிய ஸாந்தா குரூஸ் ஆறு, கிணறுகள் பெருகப் பெருக வற்றி, மழைக்கு மட்டும் ஓடும் மணல் ஓடையாயிற்று. நகரத்தின் மத்திய பாகத்தில் சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் 200 அடிக்கும் அதிகமாக இறங்கிற்று. கோடைகாலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக் குழாய்களை வறளச் செய்யாதீர்கள் என்று 1977-ல் நகராட்சி ஒரு பெரிய பிரசாரமே நடத்தியது. பின்பு கொலராடோ நதியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். சுமார் 540 கிலோமீட்டர் நீளமும், வழியிலே ஏறத்தாழ 2,900 அடி உயரத்துக்கு நீரை ஏற்றித் தள்ளும் யந்திரங்களும் உடைய அந்தக் கால்வாயின் நீர் 1992-ல் டூஸான் வீடுகளை அடைந்தபோது, பழைய இரும்புக் குழாய்களின் துருவை அரித்துக்கொண்டு பழுப்பு நிறமாக வந்து கொட்டியது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு, அந்நீரை நகருக்கு மேற்கேயுள்ள பள்ளத்தாக்கில் தேக்கி, பூமிக்குள் இறங்கவிட்டு, நிலத்தடி நீரோடு கலந்தபின் மேலே எடுக்கும் முறை ஏற்பட்டதும்தான் சச்சரவு ஓய்ந்தது. இப்படி மலையேறி, மண்ணுக்குள் இறங்கி, மறுபடியும் ஏறி வருகிற நீரைப் புல்லின்மேல் தெளிப்பது எப்பேர்ப்பட்ட ஊதாரித்தனம் என்பதைக் கணக்குப் பிள்ளை வந்து சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொலராடோ நதியும் க்ஷீணித்துவருகிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் வரலாற்றிலேயே முதன்முறையாக அந்நதியில் பற்றாக்குறை என்று பகிரங்கமாக அறிவித்தது.

விசித்திரம் என்னவென்றால், பாலைவனத்திலே செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற அறிவு அந்த ஊரிலேயே, சர்வகலாசாலைக்கு எதிரே தெரிகிற ஒரு குன்றின்மேல், நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. டூமமாக் என்னும் அந்தக் கருங்குன்றில் கார்னகி ஸ்தாபனத்தார் 1903-ல் ஒரு பாலைவன ஆராய்ச்சிசாலையை நிறுவினார்கள். அது பிற்காலத்தில் சர்வகலாசாலையின் உடைமையாயிற்று. அங்கே வில்லியம் கேனன் என்ற விஞ்ஞானி, பாலைவனச் செடிகளின் வேர்களை மண்ணை மெல்ல மெல்ல விலக்கித் தோண்டி அளந்து, படம் வரைந்து, 1911-ல் ஒரு நூலாக வெளியிட்டார். வேரைப் பார்ப்பதற்கு அவ்வளவு பிரயாசை எடுத்துக்கொண்ட மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் இலையையும் பூவையும் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள், செடியோ வேரினால் தீர்மானிக்கிறது.

அந்த வேர்களில் இரண்டு விதமான உபாயங்கள் உண்டு. நாற்பது அடிவரை ஓங்கி, கைகளை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் ஸகுவாரோ என்ற ராட்சசக் கள்ளியின் வேர்களிற் பெரும்பாலானவை, நிலமட்டத்திலிருந்து சில அங்குலங்களுக்குள்ளேயே, மரத்தின் உயரமளவு தூரத்துக்கு நாலாபக்கமும் பரந்து கிடக்கும். சிறு தூறல் விழுந்து மேல்மண் நனைந்தாலும் போதும், அவை அந்த ஈரத்தை உறிஞ்சித் தண்டிலே சேமித்துவிடும். விசிறி மடிப்புப் போன்ற அதன் வரிகள் நீர் ஏற ஏற விரிந்து கொடுக்கும். மெஸ்கீட் மரமோ எதிர்த்திசையில் போகிறது. 1960-களின் தொடக்கத்தில் டூஸான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டிக்கொண்டு போனபோது, 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலே அதன் வேர்கள் காணப்பட்டன. இந்த மெஸ்கீட் நமக்கு அந்நியமன்று. நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலத்துக்கு இது நெருங்கிய உறவு. ஒரே குலத்தில் பிறந்த இரண்டில், ஒன்று தன் சொந்த மண்ணில் நிழலும் உணவும் தருகிற செல்வமாகப் போற்றப்படுகிறது. மற்றொன்று வந்த இடத்தில் ஊரை விழுங்குகிறது என்று வெட்டி எறியப்படுகிறது. எந்தச் செடியும் சுபாவத்தில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. எங்கே நிற்கிறது என்பதே விஷயம். அதனாலேயே, நீர் சேமிக்கும் தோட்டம் வேண்டும் என்று அரிஸோனாக் கள்ளிகளைத் தொட்டியில் வைத்து நம்மூர்க் கல்லூரிகளில் அடுக்குவதை நான் விரும்புவதில்லை.

இந்த அறிவெல்லாம் குன்றிலிருந்து இறங்கி வளாகத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. டென்வர் நகரத்துக் குடிநீர் இலாகா 1981-ல் தொடங்கிய வறட்சித் தோட்ட இயக்கம் மேற்கு மாநிலங்களெங்கும் பரவியது. அரிஸோனா சர்வகலாசாலை 2002-ல் தன் வளாகம் முழுவதையுமே ஒரு விருட்சக் காட்சிசாலையாக ஏற்படுத்திக்கொண்டது. எனினும் மனத்தில் பதியும்படியான மாற்றம் 2007-ல், கட்டடக் கலைக் கல்லூரியின் தென்புறத்திலே வந்தது. அங்கே ஒரு தார் போட்ட மோட்டார் நிறுத்துமிடம் இருந்தது. அந்த ஓர் ஏக்கர் சொச்சம் நிலத்தைப் பெயர்த்தெடுத்து, கிறிஸ்டீன் டென் ஐக் என்ற அம்மையாரின் குழுவினர் ஒரு தோட்டமாக்கினார்கள். மாணவர்கள் பாடம் படிப்பதற்கான ஆராய்ச்சிக்கூடம் என்றே அதற்குப் பெயர். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் மேஜை நாற்காலி இல்லை, குளக்கரை முதல் வறண்ட மேட்டு நிலம் வரையிலான ஸொனோராவின் ஐந்து வகை நிலங்கள் இருக்கின்றன.

இந்தத் தோட்டத்தின் ஜலம் வரும் வழிகள் சுவாரசியமானவை. கட்டடக் கூரையில் விழும் மழை முதலாவது. குளிர்சாதன யந்திரங்களின் குழாய்ச் சுருள்களில் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற நீர் இரண்டாவது. எந்தக் கட்டடத்திலும் சாக்கடைக்கு ஓடிவிடுகிற அந்தச் சொட்டுக்களை இங்கே ஒன்றுவிடாமல் கூட்டுகிறார்கள். சர்வகலாசாலைக் கிணற்றுப் பம்பு ஓடத் தொடங்கும்போது, குழாயைக் கழுவுவதற்காக வெளியே தள்ளிவிடப்படும் நீர் மூன்றாவது. இவையெல்லாம் சுமார் 44,000 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியிலே சேர்ந்து, தேவையானபோது சொட்டு நீராகச் செடிகளுக்குப் போகின்றன. கிணற்று நீரின் உபயத்தால் நடுவே ஒரு சிறு குளம். அதில் அழியும் நிலையிலிருக்கும் பாலைவன மீன்கள் வாழ்கின்றன. கொசுவைப் பற்றிய கவலையை அந்த மீன்களே பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் தொட்டி, குழாய் இவற்றைப் பார்த்து வியந்துவிட்டு வருகிறவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். ஆக, 1,000 சதுர மீட்டர்க் கூரையில் டூஸானின் ஓராண்டு மழை ஏறக்குறைய மூன்று லட்சம் லிட்டர். இதற்குத் தொட்டி கட்டப் புறப்பட்டால் பணம் போதாது. மழையைச் சேமிக்க மிகப் பெரியதும் மிக மலிவானதுமான தொட்டி மண்தான். அதற்கு வேண்டியது நிலத்தின் சாய்வைத் திருத்துவது. நாம் சாதாரணமாகப் பூச்செடிப் பாத்தியைச் சுற்றிக் கல் வைத்து, மண்ணைக் கொட்டி உயர்த்தி, நடைபாதையைத் தாழ்வாக விடுகிறோம். கவிழ்த்து வைத்த தாம்பாளத்தின்மேல் விழுந்த நீர் வழிந்தோடுவதுபோல, பாத்தியில் விழுந்த மழை பாதைக்கும், பாதையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சாக்கடைக்கும் போய்விடுகிறது. மறுநாள் அதே பாத்திக்குக் குழாய் வைத்து நீர் பாய்ச்சுகிறோம். இதைத் தலைகீழாக்கி, பாதையை மேடாகவும் பாத்தியை ஒரு சாண் பள்ளமாகவும் அமைத்துவிட்டால், தளம் பாவிய இடங்களில் விழும் மழையும் செடிக்கே வந்து சேரும். 300 மில்லிமீட்டர் மழை பெறும் நிலத்தில் நிற்கிற மரம், சுற்றுப்புறத்து நீரும் தன் காலடியில் சேர்வதனால், அதைப்போல இரண்டு மூன்று பங்கு மழை பெறும் தேசத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. வெள்ளையர் வருவதற்கு முன்பே அங்கிருந்த டொஹோனோ ஓதாம் பழங்குடியினர், மழைக்காலத்து ஓடைகள் அகன்று பரவும் முகப்பில்தான் மக்காச்சோளமும் பயறும் விதைத்தார்கள். டூஸானில் இக்காலத்தில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிராட் லங்காஸ்டர் என்பவர். அவர் 1995-ல் ஆப்பிரிக்காவிலே ஸிம்பாப்வே தேசத்துக்குச் சென்று, செபானியா பிரி என்ற விவசாயி, பாறைக் குன்றின் அடிவாரத்தில் கல்வரப்புகளாலும் குழிகளாலும் மழையை மறித்து ஒரு வறண்ட பண்ணையைச் சோலையாக்கியிருந்ததைக் கண்டு வந்தார். ஊர் திரும்பியதும், தன் வீட்டின் முன் தெருவோரக் கல்லை ஓரிடத்தில் வெட்டித் திறந்து, தெருவில் ஓடும் மழைநீர் மரக்குழிகளுக்குள் புகும்படி செய்தார். தெருக்கல்லை வெட்டுவது அப்போது சட்டவிரோதம். மரங்கள் செழித்ததைப் பார்த்த நகராட்சி பின்னால் அதை அனுமதித்தது என்பது, சட்டம் சில வேளைகளில் மரத்தினிடமும் பாடம் கேட்கும் என்பதற்கு அடையாளம்.

செய்வது சுலபம்போலத் தோன்றினாலும் நுட்பங்கள் உண்டு. டூஸான் மண்ணில் ஓரடி, இரண்டடி ஆழத்திலே நம் ஊர்ச் சுக்காம்பாறையைப் போன்ற சுண்ணாம்புக் கெட்டிப் படலம் அடிக்கடி குறுக்கிடும். அதை உடைத்து வழி செய்யாவிட்டால் பள்ளத்தில் நின்ற நீர் இறங்காமல் வேரை அழுகச் செய்யும். பள்ளத்தின் நீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் போய்விட வேண்டும். கள்ளியைப் பள்ளத்தின் நடுவில் வைக்கக்கூடாது. அது மேட்டில் இருக்க வேண்டும், மெஸ்கீட் சரிவில் இருக்கலாம், ஈரம் விரும்பும் புல் அடியில் இருக்கலாம். இவ்வாறு ஒரே குழியில் மூன்று சீதோஷ்ணங்கள் அமைகின்றன. நாட்டு மரமாயிற்றே, நீர் வேண்டாம் என்று நட்டவுடனே கைவிடுவதும் தவறு; முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அதற்கு நீர் வேண்டும். அதற்குப் பின்னும் விடாமல் அடிமரத்தருகே சொட்டுநீர் ஊற்றிக்கொண்டிருந்தால், மெஸ்கீட்டின் வேர் ஆழம் தேடாமல் மேலேயே சோம்பிக் கிடக்க, இலைப்பாரம் மட்டும் பெருகி, மான்சூன் புயற்காற்றில் மரம் அடியோடு சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயலன்று சென்னை நடைபாதைகளில் சிமெண்டால் கழுத்தை இறுக்கியிருந்த அயல்நாட்டு நிழல்மரங்கள் கும்பல் கும்பலாகப் புரண்டதைக் கண்டவர்களுக்கு, வேருக்கு இடம் கொடாத வளர்ச்சியின் கதியை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. நீரைச் சேமிக்கிறோம் என்று புல்லைப் பிடுங்கி, கருங்கல் ஜல்லியைப் பரப்பி, மூலைக்கொரு கள்ளியை நிறுத்திவிட்டுத் திருப்தியடைகிறவர்கள் அந்நாட்டிலும் அநேகர். ஜல்லி பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி இரவிலே உமிழும். பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதனம் அதற்கேற்ப அதிகம் ஓடும். அதற்கு வேண்டிய மின்சாரம் உற்பத்தியாகும் இடத்திலும் நீர் செலவாகும். மர நிழல் இல்லாத சிக்கனம் கணக்கேட்டில் மட்டுமே சிக்கனம்.

அந்தச் சர்வகலாசாலையின் நடுப் புல்வெளி இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் இடையே பழைய கள்ளித் தோட்டத்தின் மிச்சமாக, இயற்கையைப் பற்றி அழகாக எழுதிய ஜோசப் வுட் கிரட்ச் பெயரால் ஒரு சிறு தோட்டம், தீவுபோல நிற்கிறது. கண்டிப்பான சிக்கனவாதிகள் அந்தப் புல்வெளியைக் கண்டு முகஞ்சுளிக்கிறார்கள். எனக்கோ அதில் அவ்வளவு ஆட்சேபமில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உட்காரவும், விளையாடவும், கூட்டம் கூடவும் ஓரிடத்தில் புல் இருப்பது நியாயமே. யாரும் காலே வைக்காத மதிலோரங்களிலும் வாகனப் பாதைகளின் நடுத்திட்டுகளிலும் வெறும் கண்காட்சிக்காகப் புல் வளர்ப்பதுதான் அநியாயம்.

டூஸான் நகரசபை 2008-ல் ஒரு சட்டம் செய்து, 2010 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது: புதிதாகக் கட்டும் வியாபாரக் கட்டடங்களின் தோட்டங்களுக்கு வேண்டிய நீரில் பாதியாவது மழைநீராக இருக்க வேண்டும், தோட்டத்துக்குத் தனி மீட்டர் வைத்து அதைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அந்த வகையில் நாம் முந்திக்கொண்டவர்கள். ஆனால் நம் சட்டத்தின் நோக்கம் கூரை நீரைக் கிணற்றுக்கும் உறைகுழிக்கும் அனுப்புவதோடு நின்றுவிட்டது. அதே வளாகத்தின் தோட்டம் எந்த நீரைக் குடிக்கிறது என்று அது கேட்கவில்லை. லாரியில் வந்த தண்ணீர் புல்வெளிக்குப் பாயும் கல்விச்சாலையிலும், கூரைக் குழாய் மட்டும் சட்டப்படி ஒழுங்காக இருக்கக்கூடும்.

நம் கடற்கரை நகரங்களுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. டூஸானின் உலர்ந்த காற்றிலிருந்தே குளிர்சாதன யந்திரம் நீரைப் பிழிந்து தருகிறதென்றால், சென்னையின் ஈரக்காற்றிலிருந்து அது தரும் நீர் எவ்வளவோ அதிகம். உப்பு ஏறக்குறைய இல்லாத அந்த நீர், குடிக்க உதவாவிட்டாலும், வேருக்கு உகந்தது. நூல்நிலையங்களின் பின்சுவர்களிலும், ஆராய்ச்சிக்கூடங்களின் மொட்டை மாடிகளிலும், பிளாஸ்டிக் குழாய் வழியாக அது பாசி படரச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாயின் நுனியைச் சில அடி நீட்டி, ஒரு சாண் தாழ்த்திய பாத்தியில் விட்டு, ஒரு புங்கங்கன்றை நடுவதற்குப் பொறியியல் இலாகாவின் அனுமதி ஒன்றைத் தவிர வேறு செலவு அதிகமில்லை.